உப்புப் பாத்தி, கீரைப் பாத்தி

என் ஆயா பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்துக் கூலிக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டு வந்தது இரும்பைக்கு. அங்கே உவர்மண், கண் கூசும் வெயில், வரிசை வரிசையாக உப்புக் குவியல். இங்கே செம்மண் மேடு, பனை, முந்திரி, கோயில், ஏரி. இரண்டு ஊரிலும் அவள் கை கட்டியது பாத்திதான். உப்பு விளைகிற இடத்துக்கும் பாத்தி என்றுதான் பேர், கீரை விளைகிற இடத்துக்கும் பாத்தி என்றுதான் பேர். "உப்புப் பாத்திய மிதிச்சு மிதிச்சுக் கட்டாந்தரையா ஆக்கணும். கீரைப் பாத்தியில காலே படக்கூடாது" என்பாள். மிதித்த மண்ணில் தண்ணீர் இறங்காது, உப்பு வெள்ளையாகத் திரளும். மிதிக்காத மண்ணில் வேர் மூச்சு விடும். மண்ணைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கிற மானாவாரி நிலம். வீட்டுக்குப் பின்னால் இருப்பதைத் தோட்டம் என்போம். ஆயாவின் தோட்டம் மூன்று செண்ட் இருக்கும், சுற்றிக் கிளுவை வேலி. பாத்திரம் துலக்குகிற கல்லிலிருந்து சின்னதாக ஒரு வாய்க்கால் ஓடும், அது போய் முடிகிற இடத்தில் வாழை. வாழையைத் தாண்டிக் கசிகிற ஈரத்துக்குச் சேம்பு. குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் கறிவேப்பிலை. கிணற்றோரம் போத்து வெட்டி ஊன்றிய முருங்கை. மாட்டுக் கொட்டகை மூலையில் எருக்குழி, அதன் விளிம்பில் தானாக முளைத்த பூசணி. அந்தப் பூசணி மெதுவாகக் கூரையேறி, தை பிறக்கிறபோது நாலைந்து காய்களை ஓலைமேல் பிள்ளைகளைப் போலப் படுக்க வைத்திருக்கும். எதற்கும் ஆயா காசு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

காசில்லாத தோட்டம் என்று சொல்லும்போதே அவள் முதுகையும் சொல்லிவிட வேண்டும். மழை இல்லாத நாளில் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினாள். சாணி வாரினாள், வேலி கட்டினாள், ஆடு நுழையாமல் காவல் இருந்தாள். கணக்கில் ஏறாத உழைப்பு அது. இதைத் தவிர்த்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

விதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். முதல் காய்ப்பில் நல்ல காயாகப் பார்த்து ஒன்றைக் கொடியிலேயே முற்ற விட்டுவிடுவாள். அதற்கு அடையாளமாக ஒரு துணிக் கிழிசல் கட்டியிருக்கும், யாரும் பறிக்கக் கூடாது. சுரைக்காயின் ஓடு நகம் இறங்காதபடி கெட்டியானதும் உடைத்து விதையை எடுப்பாள். சாணத்தில் அடுப்புச் சாம்பலைப் பிசைந்து, உள்ளங்கை அளவு வில்லையாகத் தட்டி, அதில் விதைகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்துவாள். வில்லையைச் சுவரில் அப்பிவிட்டால் ஆடி வரைக்கும் அங்கேயே இருக்கும். காய்ந்த சாணத்தில் அவள் பெருவிரல் ரேகை வரிவரியாகத் தெரியும். விதைக்கிற நாளில் வில்லையைப் பிட்டுக் குழியில் வைப்பாள். விதையும் அதற்கு வேண்டிய முதல் எருவும் ஒன்றாகவே மண்ணுக்குள் போகும். பீர்க்கனைக் காயவிட்டு அடுப்புக்கு மேலே விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவாள். புகை பட்டதைப் பூச்சி அண்டாது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். அவரையும் காராமணியும் சாம்பல் புரட்டி மண்சட்டியில் கிடக்கும்.

விதையைக் காசுக்கு வாங்கினால் தழைக்காது என்பது அவள் நம்பிக்கை. கொடுத்து வாங்கலாம், அல்லது திருடலாம். கறிவேப்பிலைக் கன்றும் பூச்செடியும் திருடி வைத்தால்தான் நன்றாக வரும் என்று ஊரே நம்பியது. அதனால் கேட்டு வந்தவளிடம் செடிக்காரி, "அதோ அந்தப் பக்கம் இருக்குது பார்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிடுங்குகிற வரைக்கும் திரும்ப மாட்டாள்.

ஆயாவின் தோட்டத்தை ஓட்டியது உப்பளத்து நாட்காட்டி. இது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. மரக்காணத்தில் தை, மாசியில் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உப்பு விளைச்சல் உச்சத்தில் இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுபோகும். பிறகு மார்கழி கழிகிற வரை கூலி இல்லை. இன்று தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தருகிறது. அன்று அது கிடையாது. ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும். ஐப்பசி இருட்டில் பூவெடுத்து, கார்த்திகை மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். புடலை, பீர்க்கன் அதற்கு முன்பே வந்துவிடும், பூசணி கடைசியில் வரும். உப்பு கரைகிற மாதத்தில் கொடி காய்க்கிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி உழவனுக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். உப்பளத்துக்காரிக்கு அது சோற்றுக் கணக்கு. இரும்பைக்கு வந்த பிறகும் ஆயா அந்தக் கணக்கை விடவில்லை.

இந்தக் கடற்கரைக்கும் குப்பைமேட்டுக் கீரைக்கும் உறவு பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, திண்டிவனம் சுற்றுவட்டாரமான ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடியது. அதில் வருகிற எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அதே பாட்டில் ஒரு பாணன் வீட்டு அடுக்களையும் வருகிறது. வீட்டில் ஒன்றுமில்லை. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கி, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். உப்பு விளைகிற நாட்டைப் பாடிய பாட்டில் உப்பில்லாத கீரை! படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் கதவைச் சாத்திய கையும் ஆயாவின் கையும் எனக்கு ஒன்றாகவே தோன்றும்.

இரும்பை மண்ணுக்கு ஒரு சாபக் கதை உண்டு. ஊரிலுள்ள மாகாளேசுவரர் கோயில் சம்பந்தர் தேவாரம் பெற்ற தலம். அங்கே ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சிலம்பு கழன்று விழுந்தது. கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்ட, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் சினந்து பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது, சுற்றியுள்ள பூமி பாலையாகிப் போனது. பிறகு மனம் இரங்கி, தொலைதூரத்திலிருந்து வருகிறவர்களால் இந்தப் பூமி மறுபடி பச்சை பிடிக்கும் என்று சொன்னாராம். பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்து வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். நந்தவனத்து ஆண்டியையும் அவன் போட்டுடைத்த பானையையும் பாடிய சித்தர் இவரே என்பார்கள்.

சாபத்துக்கு மண்ணின் மொழியில் வேறு விளக்கம் இருக்கிறது. காடு வெட்டப்பட்ட செம்மண் மேட்டில் ஐப்பசி மழை நேராக வந்து அடித்தது. மேல்மண் ஓடை ஓடையாகக் கரைந்து கடலுக்குப் போனது. இரும்பையை ஒட்டிய அந்த மேட்டில்தான் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்து கொண்டு வந்த பிடிமண்ணைத் தாமரை மொட்டு போன்ற தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அன்று எடுத்த படங்களில் தாழியைச் சுற்றிச் செம்பொட்டல்தான் தெரியும். அதன்பின் வந்தவர்கள் முதலில் செய்தது கரை போட்டு மழையை நிறுத்தியது. வெயில் தாங்கும் கத்திச்சவுக்கை முன்னால் நட்டு, அதன் நிழலில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களைக் கொண்டு வந்தார்கள். சுற்றுக் கிராமத்து ஆண்களும் பெண்களும் அந்தக் குழிகளை வெட்டினார்கள், நாற்றுப் பைகளை நிரப்பினார்கள். பச்சையானதில் அவர்கள் வியர்வைக்கும் பங்குண்டு.

அங்கே ஒரு சின்ன உதாரணம் என் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. தீபிகா குந்தாஜியும் பெர்னார்ட் தெக்ளெர்க்கும் 1994-ல் மேல்மண் முழுக்க அரித்துப்போன ஒரு துண்டு நிலத்தில் 'பெப்பிள் கார்டன்' என்ற தோட்டத்தைத் தொடங்கினார்கள். கூழாங்கல் தோட்டம்; பெயரே மண்ணின் நிலைமையைச் சொல்லிவிடுகிறது. வெளியிலிருந்து எருவோ உரமோ வண்டியில் கொண்டு வருவதில்லை என்று முடிவு செய்தார்கள். அங்கேயே வளர்ந்த மரங்களின் இலையையும் சருகையும் மக்க வைத்து, அங்குலம் அங்குலமாக மண்ணை உண்டாக்கி, அதில் நாட்டுக் காய்கறி விதைகளைப் பெருக்கிப் பிறருக்குக் கொடுத்தார்கள். தீபிகா குந்தாஜிக்கு நாரி சக்தி விருதும் கிடைத்தது. கையில் காசில்லாமல் தோட்டம் போட நினைப்பவர்கள் அங்கே கற்க வேண்டியது பொறுமை. செடியை வளர்ப்பதற்கு முன்னால் மண்ணை வளர்க்க வேண்டும், அதற்கு ஓர் ஆண்டு போனாலும் போகட்டும். இதைச் சொன்னால் பலருக்கும் பிடிப்பதில்லை. நாற்பதாம் நாள் தக்காளி வேண்டும் என்கிறார்கள்.

ஆயா தொண்ணூறுகளின் நடுவில் போய்ச் சேர்ந்தாள். அவள் வீடு இருந்த இடத்தில் சித்தப்பா தளம் போட்ட வீடு கட்டினார். எங்கும் அப்படித்தான். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஒரு வீடு 360 சதுர அடி. ஒழுகுகிற கூரையின் கீழே பாத்திரம் வைத்துப் படுத்தவர்களுக்கே தளத்தின் அருமை தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூரையோடு சேர்ந்து போனவையும் உண்டு. பூசணிக்கு ஏற இடமில்லை. மாட்டை விற்றதும் எருக்குழி மூடப்பட்டது. துலக்குகிற கல் போய்க் குழாய்த் தொட்டி வந்தது, அந்தத் தண்ணீர் பிளாஸ்டிக் பைப் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போயிற்று. சாண வில்லை அப்பிய சுவரில் டிஸ்டெம்பர். விதை பாக்கெட்டில் வந்தது. அதிலும் ஹைப்ரிட் என்றால், எடுத்து வைத்த விதை தாயைப் போலக் காய்க்காது, அடுத்த பருவத்துக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டிலேயே இருந்த மண், எரு, தண்ணீர், விதை நான்குக்கும் விலை வந்துவிட்டது. 'குறைந்த செலவில் வீட்டுத்தோட்டம்' என்று இன்று எல்லோரும் பேசுகிறோமே, அந்தச் சொற்றொடரைக் கேட்டால் ஆயாவுக்குப் புரிந்திருக்காது.

அந்த விலையை நானும் கொடுத்தேன். 2020 ஊரடங்கில், புதுச்சேரியில் வாடகை வீட்டு மாடியில் பத்துப் பைகள் வைத்தேன். பை, தென்னைநார்க் கட்டி, விதை, நுண்ணூட்டம் என்று 2,400 ரூபாய் ஆனது. முளைத்த வெண்டை மூன்றாவது இலையில் ஓரம் கருகி நின்றுவிட்டது. அவரை அதைக்கூடத் தாண்டவில்லை. நார்க்கழிவில் உப்பு இருந்திருக்கிறது. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் நாரில் உப்பு தங்கும், கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே மண்ணோடு சேர்க்க வேண்டும். அதைப் பையில் எங்கும் போட்டிருக்கவில்லை. உப்பை அறிந்த குடும்பத்தில் பிறந்தும் அந்த நாரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

மறுபடி நான் தோட்டம் பார்த்தது இரும்பையில், சித்தப்பா வீட்டுச் சின்னம்மாவிடம்தான். 2022 ஆடியில் தொடங்கினாள். முந்தைய ஆண்டு அரசு ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தை அறிவித்திருந்தது. அதில் 60 ரூபாய் பெறுமான பன்னிரண்டு வகைக் காய்கறி விதைகள் 15 ரூபாய்க்கும், பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை முதலிய எட்டுக் கன்றுகள் 25 ரூபாய்க்கும் தோட்டக்கலைத் துறை கொடுத்தது. நகரத்து மாடிக்காரர்களுக்கு ஆறு பை, நார்க் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்து 900 ரூபாய் பெறுமானமுள்ளது 225 ரூபாய்க்கு. சின்னம்மா விதையும் கன்றும் மட்டும் வாங்கினாள். பெயிண்டரிடம் காலி வாளி பத்து ரூபாய் வீதம் எட்டு. நைலான் கயிறு ஒரு கட்டு 40 ரூபாய். ஆக 160 ரூபாயில் முடிந்தது.

"மண்ணுக்கு எவ்ளோ குடுத்தீங்க சின்னம்மா?"

"மண்ணுக்கு எதுக்குப்பா காசு? ஏரி என்ன நம்மள வுட்டுட்டா போச்சு?"

ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள உழவர்களுக்கும் மண்பாண்டம் செய்பவர்களுக்கும் அரசு அனுமதி தருகிறது. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியரே கொடுத்துவிடலாம். டிராக்டரில் அடித்தவர் வீட்டில் நாலு கூடை கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு வண்டல், ஒரு பங்கு தோட்டத்து மூலையில் ஓராண்டாகக் குவித்து வைத்த சருகும் காய்கறித் தோலும் மக்கியது. வாளியின் அடியில் ஓட்டை போடாமல், அடிக்கு இரண்டு விரல் மேலே பக்கவாட்டில் போட்டிருந்தாள். கீழே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, வெயில் நாளில் செடி அதைக் குடிக்கும் என்றாள். கத்திச்சவுக்கு இலை சீக்கிரம் மக்காது. அதை எருவில் சேர்க்காமல் வாளிக்கு மேலே மூடாக்காகப் பரப்பியிருந்தாள். முதலில் விதைத்தது அரைக்கீரையும் சிறுகீரையும். கீரை இருபத்தைந்தாம் நாள் கைக்கு வரும், மனசு விட்டுப் போகாது. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். மளிகைச் சாமானில் வந்த வெந்தயத்திலும் தனியாவிலும் ஒரு பிடி. சந்தையில் வாங்கிய புதினாவின் காம்பைக்கூட அவள் வீசுவதில்லை.

பூசணிக்கும் அவள் வழி கண்டுபிடித்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாடிக்கு மண்ணைத் தூக்கினால் பாரம், நீர்க்கசிவு என்று சித்தப்பா பயந்தார். அதனால் கொடியைச் சுவரோரம் தரையில் ஊன்றி, கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிவிட்டாள். வேர் தரையில், காய் தளத்தில். சிமெண்டு சூட்டில் கொடி பொசுங்காமல் இருக்கப் பழைய தென்னங்கீற்றை விரித்திருந்தாள். நான் போன கார்த்திகையில் அவரையும் பூசணியும் அந்தக் கீற்றுமேல் பின்னிக் கிடந்தன. "கீழ ரூம்புல இப்ப பகல்ல படுக்க முடியுது" என்றாள் சின்னம்மா. ஆயாவின் கூரை திரும்பி வந்து தளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. சாக்கடைக்குப் போன தண்ணீரையும் பைப்பை ஓரிடத்தில் வெட்டி வாழைக்குத் திருப்பியிருந்தாள். சோப்புத் தண்ணீர் வாழைக்கு மட்டும், கீரைக்கு அரிசி களைந்த தண்ணீர்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் வாக்கில் மழை கொட்டியது. சின்னம்மாவின் கொடி கயிற்றோடு அறுந்து தெருவில் கிடந்தது. வாளிகளை ஒருக்களித்துச் சாய்த்து வைத்திருந்ததால் கீரை வேர் அழுகவில்லை. விதை அடுக்களையில் பத்திரமாக இருந்தது.

மரக்காணத்துச் சொந்தங்களின் வீட்டில் இந்த வழி அப்படியே செல்லாது. அங்கே கிணற்றுத் தண்ணீரே கரிக்கிறது. உப்பைக் கொஞ்சமும் பொறுக்காத செடி பீன்ஸ். பீட்ரூட்டும் பாலக்கும் ஓரளவு தாங்கும், பனையும் தென்னையும் நன்றாகவே தாங்கும். சதுப்போரத்தில் தானாக முளைக்கும் உமரிக்கீரையை ஆயா பறித்து, தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்து உப்பே போடாமல் கடைவாள். அந்தக் கரையில் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: விதை வாங்குவதற்கு முன்னால் தண்ணீரை ருசி பாருங்கள், கரித்தால் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துக் கீரை வாளிகளுக்கு மட்டும் வையுங்கள், மண்ணை மூடாக்கில்லாமல் விடாதீர்கள், வெயிலில் ஈரம் மேலேறும்போது உப்பும் கூடவே ஏறி மேலே பூத்துவிடும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து வயல்களில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உழவர்களோடு நின்று தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாளை விதைத்து மடக்கி உழ வைத்து, உப்பேறிய மண்ணை மீட்டார். அது வயல் அளவுக்கான வைத்தியம். மழைக்கு முன் ஒரு பிடி தக்கைப்பூண்டை வீட்டுப் பாத்தியில் தெளித்து, பூக்கும் முன்னே மடக்கி மிதிக்காமல் மூடிவிட்டால் அங்கேயும் அது வேலை செய்யும்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மரக்காணத்தில் பாத்தி மிதிக்க ஆள் இறங்கிவிட்டதாகச் சித்தப்பா சொன்னார். அடுக்களையில், காஸ் அடுப்புக்கு மேலே ஆணியில், மூன்று காய்ந்த பீர்க்கன் தொங்கின. புகை இல்லை, சின்னம்மா வேப்பிலைக் கொத்தைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். ஒன்றைத் தொட்டு ஆட்டிப் பார்த்தேன். கலகலவென்றது.

"ஆயா வச்ச பீர்க்கனா சின்னம்மா?"

"அது என்னிக்கோ போச்சு. இது புதுசு. மூணு வருசமா எடுத்து வச்சுகினு வரேன், இன்னும் நல்லா காய்க்குது."

ஒன்று கொடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து, கழுவி வைத்த டம்ளரையே எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.